நன்னன் மலையின் இருபது சத்தங்கள்

"எழுதணும்னு ஆசையா இருக்குங்க. ஆனா எழுதற மாதிரி என் வாழ்க்கையில ஒண்ணும் நடக்கலையே." சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இங்கே வந்துபோகிற நண்பர்கள் அடிக்கடி சொல்வது இது. எழுத்துக்கு யோசனை சொல்ல நான் எழுத்தாளன் இல்லை, புதூர்நாட்டில் சாமையும் கேவுரும் போடுகிற ஆள். ஆனால் எங்கள் ஜவ்வாது மலைத்தொடரின் தெற்கு ஓரத்தில், சங்க காலத்தில், ஒரு புலவர் செய்துவிட்டுப் போன காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் அவர்களுக்குப் பதிலாக இருக்கும் என்று தோன்றுகிறது.

திருப்பத்தூரிலிருந்து மலையேறி வந்தால் புதூர்நாடு. பக்கத்திலேயே நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு. கிழக்கே போகப்போக ஜமுனாமரத்தூர். தெற்கே இறங்கினால் செங்கம். அந்தச் செங்கத்துக்குச் சங்க காலத்துப் பெயர் செங்கண்மா. அங்கே இருந்து ஆண்டவன் வேள் நன்னன் சேய் நன்னன். அவனுடைய மலை நவிரம். இன்றைய பர்வதமலைதான் அது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அவன் ஊரை ஒட்டி ஓடிய ஆறு சேயாறு. எங்கள் மலையில் பிறந்து இறங்குகிற செய்யாறு அதுதான்.

இந்த நன்னனைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டின் பெயர் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, மொத்தம் 583 அடி. கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயரும் உண்டு. ஓலையில் கிடந்ததை உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டோடு சேர்த்து அச்சில் கொண்டுவந்தார்.

ஆற்றுப்படை என்றால் பலருக்கும் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்து கொட்டாவி வரும். பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒரு கலைஞன், வறுமையில் எதிரே வருகிற இன்னொரு கலைஞனுக்கு "இன்னார்கிட்ட போ, குடுப்பான்" என்று வழி சொல்வதுதான் அந்த வகைப் பாட்டு. வள்ளலைப் புகழ்வதற்கு இது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் வழி சொல்லணும் என்றால் அந்த வழியில் நடந்திருக்கணுமே! பெருங்கௌசிகனார் நடந்திருக்கிறார் என்பது அடிக்கு அடி தெரிகிறது. புகழ வேண்டிய மன்னனைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மலையில் கேட்கிற சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். ஏறக்குறைய இருபது சத்தங்கள்! பாட்டுக்கு வந்த பெயரே அதனால்தான். கடாம் என்றால் யானையின் மதம். மலையை மதயானையாகவும், அதில் எழும் ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் நினைத்து வைத்த பெயர்.

என்னென்ன சத்தம்? அருவி விழுகிற சத்தம். புலி பாய்ந்து புருசன் மார்பில் உண்டான காயம் ஆறட்டும் என்று பெண்கள் பாடுகிற பாட்டு. வேங்கை மரம் முதல் நாள் பூத்ததைப் பார்த்துப் பெண்கள் போடுகிற கூச்சல். (வேங்கைப் பூ புலி நிறத்தில் இருப்பதால் "புலி, புலி" என்று கத்துவார்களாம். விளையாட்டா பயமா என்று சொல்ல முடியாத கூச்சல்.) குரங்குகூட ஏற முடியாமல் கைவிட்ட பாறையில், மூங்கில் கணுவையே படியாக வைத்து ஏறித் தேன் எடுப்பவர்களின் ஆரவாரம். தினைக்கு வரும் கிளியை விரட்டத் தட்டுகிற சத்தம். சேம்பும் மஞ்சளும் போட்டவர்கள் காட்டுப்பன்றியை விரட்ட அடிக்கிற பறை. ஆலையில் கரும்பு கணு உடைகிற ஓசை. தினை குத்தும் பெண்களின் வள்ளைப்பாட்டு. யானை பழக்குகிற பாகர்கள் வேறு மொழியும் கலந்து பேசுகிற பேச்சு. அந்தக் கலப்பு மொழியைக்கூடக் காது விடவில்லை பாருங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, பலாப்பழம். கொட்டை எடுப்பதற்காகப் பழத்தைக் கீழே பரப்பி, கன்றுக்குட்டிகளைப் பிணைத்துப் போரடிக்கிற மாதிரி மிதிக்க விடுகிறார்கள். மாட்டை ஓட்டுவது சின்னப் பையன்கள். கையில் தார்க்கோல் கிடையாது, காந்தள் பூவின் தண்டு! அந்தப் பையன்கள் போடுகிற சத்தமும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. பலா மரத்தடியில் வளர்ந்தவனுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட பார்வை என்று தெரியும். சீசனில் பழம் அவ்வளவு விழும், தின்று தீராது. கொட்டைதான் சேர்த்து வைக்கிற பொருள். எங்கள் ஊரிலும் கொட்டையைச் சுட்டும் அவித்தும் தின்றுதான் வளர்ந்தோம்.

இன்னொன்று, குரங்கு. குட்டியைப் பிடித்திருந்த கை ஒரு கணம் மறந்துபோக, குட்டி பாறை இடுக்கில் விழுந்துவிடுகிறது. தாய்க்குரங்கும் கூட்டமும் சேர்ந்து கத்துகின்றன. யாராலும் எதுவும் செய்ய முடியாத கூச்சல் அது. புலவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் வைக்காமல் அடுத்த சத்தத்துக்குப் போய்விடுகிறார். அந்தக் குரங்கின் விரல் கறுப்பு என்பதை மட்டும் மறக்காமல் சொல்கிறார். மன்னனிடம் பரிசுக்குப் போகிற கூத்தனுக்குக் குரங்கு விரலின் நிறம் எதற்கு? எதற்கும் இல்லை. பார்த்தார், சொன்னார்.

புலவர்களுக்கு மலை என்றால் அருவி, முகில், மயில் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. வராமலேயே பாடலாம். இந்தக் குரங்கும் கன்றுக்குட்டியும் அந்த வாய்ப்பாட்டில் வராதவை.

ஒரு நாள் பொழுதுபோகாமல் அந்தப் பட்டியலை எங்கள் மலையோடு வைத்துச் சரிபார்த்தேன். நன்னன் மலையும் எங்கள் புதூர்நாடும் ஒன்றில்லைதான், ஆனாலும் ஒரே மலைக்கூட்டம். அருவி உண்டு, மழைக்காலத்தில். தேன் எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிளிக்குத் தகர டப்பா, பன்றிக்குப் பட்டாசு. புலி இல்லை, அதனால் காயத்துக்குப் பாடுகிறவர்களும் இல்லை. கரடி உண்டு, அதற்குப் பாட்டு இல்லை, தர்மாஸ்பத்திரிதான். சாமை குத்துகிற உலக்கைச் சத்தம் நான் சின்னப் பையனாக இருந்தபோது விடியற்காலையில் தினமும் கேட்கும். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுகிற உலக்கை, நடுவில் "ஸ்ஸு ஸ்ஸு" என்று மூச்சு. இப்போது மில்லுக்கு மூட்டையில் போகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாமை குத்தின கை எப்படிக் காய்த்துப் போயிருக்கும் என்று எங்கள் அம்மா கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்த உலக்கையோடு பாடின பாட்டில் இரண்டு அடிகூட இன்று எனக்குச் சொல்லத் தெரியாது. பெருங்கௌசிகனாரும் வள்ளைப்பாட்டு என்று குறித்தாரே தவிர, பாட்டைக் குறிக்கவில்லை. எத்தனை நுணுக்கமாகப் பார்த்தவரிடமும் இப்படிச் சிலது நழுவிவிடுகிறது.

சத்தத்தை விட்டு வழிக்கு வந்தால் அங்கேயும் அதே கண். தினைக்கொல்லையில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நட. குழிகளில் பாம்பு கிடக்கும். பரண் மேலிருந்து கவண்கல் வீசுவார்கள், மரத்தில் பட்டுத் தெறித்து வரும், பார்த்துக்கொள். சுனை ஓரத்துப் பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். வழி பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிச்சுப் போட்டுவிட்டுப் போ. இந்தப் புல் முடிச்சைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. காட்டுக்குள் போகிறவர்கள் கிளையை ஒடித்துத் திருப்பி வைப்பது, கல் மேல் கல் வைப்பது எல்லாம் இன்றும் இருக்கிற பழக்கம்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வழியில் நட்ட கற்கள் வரும், சண்டையில் புறமுதுகு காட்டாமல் செத்தவர்களின் பேர் எழுதிய கற்கள். அங்கே நின்று யாழ் மீட்டி மரியாதை செய்துவிட்டுப் போங்கள் என்கிறது பாட்டு.

அந்தக் கற்கள் கற்பனை இல்லை. செங்கம் வட்டாரம்தான் தமிழ்நாட்டில் எழுத்துள்ள நடுகற்கள் கொட்டிக்கிடக்கிற பூமி. 1972இல் தொல்லியல் துறை, இரா.நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, செங்கம் நடுகற்கள் என்று ஒரு புத்தகமே போட்டது. பெரும்பாலும் வட்டெழுத்து. பல்லவர் காலத்துக் கற்கள் நிறைய. இன்றைக்கும் பல இடங்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குங்குமம் வைத்த அந்தச் சாமிக்கு ஒரு பேரும் ஒரு நாளும் ஒரு சண்டையும் இருந்தது என்பது கும்பிடுகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

இதில் எடத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கப்போய்ச் செத்தான். அதற்காக நட்ட கல். இதே மாதிரி மாடு பிடி சண்டையில் செத்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில் கல் உண்டு. ஆனால் இந்தக் கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குத் தனியாக எழுத்தும் உண்டு. கோவிவன் என்பது அதன் பேர். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்.

மகேந்திரவர்மன் பெரிய ராஜா. குடைவரைக் கோயில் வெட்டினவன், நாடகம் எழுதினவன். அவன் காலத்தில் காஞ்சிபுரத்தில் எத்தனையோ பெரிய காரியம் நடந்திருக்கும். அந்த நேரத்தில் செங்கத்துப் பக்கம் ஒரு மாட்டுக்காரன் ஊரில், உளி பிடித்தவனுக்கோ, எழுதச் சொன்னவனுக்கோ, நாயை விட்டுவிட மனசு வரவில்லை. எத்தனை கள்ளன் என்பதும் விட்டுப்போகவில்லை. இரண்டு பேர். கல்லில் வெட்டுகிற வேலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கை வலிக்கும். வேண்டாததை வெட்ட மாட்டார்கள். 1,300 வருசத்துக்கு மேல் கழித்தும் அந்த நாயின் பேர் நமக்குத் தெரியும். அதே காலத்து எத்தனை தளபதிகளின் பேர் தெரியும்?

ஆனால் மலை மேலே இருக்கிற எங்கள் சனத்துக்கு இந்தக் கதையில் ஒரு வருத்தம் உண்டு. மலைபடுகடாம் பாடியவர் வெளியிலிருந்து நடந்து வந்தவர். எங்களைப் பற்றி அதற்கப்புறம் எழுதினவர்களும் வெளியாட்கள்தான். வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1881இல் காக்ஸ் எழுதி, 1890களில் ஸ்டூவர்ட் திருத்திய மானுவல் ஒன்று உண்டு. அதில் ஜவ்வாது மலைச் சனங்கள் வருகிறார்கள். 1909இல் தர்ஸ்டன் போட்ட ஏழு தொகுதிப் புத்தகத்திலும் மலையாளி என்று ஒரு பகுதி உண்டு. (நகரத்து நண்பர்கள் இந்தப் பேரைக் கேட்டதும் கேரளா என்று நினைப்பார்கள். மலையை ஆள்பவர் மலையாளி, நாங்கள் பேசுவது தமிழ்.) காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதை, கல்யாண முறை, சாமி பேர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வினோதமாகத் தெரிந்ததைத்தான் அவர்கள் கண் பிடித்தது. தினமும் நடப்பது அவர்களுக்குச் செய்தி இல்லை. எந்தக் கொல்லைக்கு யார் எப்போது கரை கட்டினார்கள், எந்தக் கிணறு யார் பாட்டன் வெட்டியது, எந்தப் பாறைக்குப் பின்னால் எங்கள் பெரியவர்களைப் புதைத்தோம் என்பதெல்லாம் எந்த மானுவலிலும் இல்லை.

அதனால் என்ன என்று கேட்டால், 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடிகளும் காட்டை நம்பி வாழ்கிறவர்களும் தங்கள் நிலத்துக்கும் காட்டுக்கும் உரிமை கோரலாம். 2005 டிசம்பர் 13க்கு முன்னாலிருந்து அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். உரிமை கோரினால் சான்று வேண்டும். 2008இல் வந்த விதிகளில் 13ஆம் விதி, எதெல்லாம் சான்று என்று வரிசையாகச் சொல்கிறது. அரசாங்கப் பதிவு, பழைய வரைபடம், ரசீது என்று போகிற பட்டியலில், வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், வரப்பு, கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் வருகிறது. வம்சாவளி வருகிறது. கடைசிப் பக்கம் பார்த்தால் இன்னொன்று இருக்கிறது. உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்தில் பதிந்தது.

அந்த வரியை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு கிழவி, "இந்தப் புளியமரம் எங்க மாமியா நட்டது, அப்ப நான் கல்யாணம் ஆகி வந்த வருசம், கொல்லைக்கு மேக்கால கல்லு அடுக்கினது எங்க மாமனாரு" என்று சொன்னால், அதை ஒருத்தர் எழுதிவைத்தால், அது சான்று. அதாவது, சும்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் யாராவது எழுதியிருக்கணும். கிழவி இருக்கிறபோதே எழுதியிருக்கணும்.

இங்கே நான் நினைத்துக்கொள்வது கி.ரா.வை. இடைசெவல் கரிசல் சம்சாரி, கோவில்பட்டிப் பக்கம். பள்ளிப்படிப்பை முடிக்காதவர். முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். அதற்கு முன்னால் அவர் நண்பர்களுக்கு எழுதின கடிதங்கள்தான் அவருக்குப் பயிற்சி. 1982இல் அவர் கரிசல் வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். சொல்லகராதி என்றால் பல்கலைக்கழகத்தில் பண்டிதர்கள் கூடிச் செய்வது என்று இருந்த நேரத்தில், மாட்டின் கொம்புக்கும், மண்ணின் வகைக்கும், வசவுக்கும் சனங்கள் வைத்திருந்த சொல்லை ஒரு விவசாயி முன்னின்று சேர்த்தார். பின்னால் புதுச்சேரிப் பல்கலைக்கழகமே அவரைக் கூப்பிட்டு நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்கும் வேலை கொடுத்தது. 1991இல் கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்கு சாகித்திய அகாதெமி. 2021இல் காலமானார். அவரை எழுத்தாளர் என்று கொண்டாடுகிறவர்கள், அவர் பாதி நேரம் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் என்பதை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதைகளைவிட அந்தச் சொல்லகராதிதான் பெரிய காரியம். இதற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கரிசலுக்கு ஒரு கி.ரா. கிடைத்தார். ஜவ்வாது மலைக்கு இன்னும் இல்லை.

சும்மா பார்த்ததைக் குறித்துவைப்பதற்கு எங்கள் மலையில் இன்னொரு சாட்சியும் உண்டு, அது வானத்தைப் பார்த்தது. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில் காவலூர் வானோக்ககம். 1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போவதைப் பதிவு செய்ய, அங்கே இருந்த 102 செ.மீ. தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் நட்சத்திரத்தின் ஒளி சில நொடி மங்கியது. மேகம் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அதே ராத்திரி விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவும் மற்றவர்களும் குறித்ததோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. கீழே எங்கள் சனம் அந்த நேரம் பன்றிக் காவலுக்குக் கொல்லையில் உட்கார்ந்திருக்கும்.

போன தை மாசத்திலிருந்து நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, தினமும் மூணு வரி. யார் கொல்லையில் என்ன சத்தம், யார் என்ன சொன்னார்கள். எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றுகிற நாளில் எடத்தனூர் நாயை நினைத்துக்கொள்வேன். வைகாசியில் எழுதினதில் ஒன்று இது. எங்கள் தெருவில் எண்பது தாண்டின ஒரு பெரியம்மா சாமை வகைகளுக்குப் பேர் சொன்னது, மொத்தம் ஆறு. நாலுதான் நான் கேள்விப்பட்டது. "மீதி ரெண்டு இப்ப எங்க இருக்கு பெரியம்மா?" என்றேன். "ஒண்ணு கோழி தின்னுட்டுது. ஒண்ணு உங்க சித்தப்பன் வித்துட்டான்" என்றார். அப்படியே எழுதி, கீழே தேதி போட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவைத்திருக்கிறேன். கோழிக்கு மட்டும் பேர் கேட்க விட்டுப்போச்சு. அடுத்த சந்தைக்குப் போவதற்குள் கேட்டு எழுதணும்.